மெதுவாகத் திரும்பிய கால்

"அக்கா, தைராய்டு இருந்தா டிப்ரஷன் வருமா, வராதா? ஒரே வரியில சொல்லுங்க. எங்க லேப் வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போடணும்."

போன வாரம் கவிதா போனில் இப்படிக் கேட்டாள். நான் வேலை பார்த்த கடைசி வருடங்களில் எனக்குக் கீழே நர்சாக இருந்தவள். இப்போது செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள்.

"ஒரு வரியில சொல்ற விஷயமா இருந்தா நான் ஏன்டி இத்தன வருசமா கொழம்பிக்கினு கெடக்கறேன்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இப்போது இங்கே தெருவுக்கு ஒரு லேப் வந்துவிட்டது. சோர்வா, தைராய்டு பார். முடி கொட்டுகிறதா, தைராய்டு பார். மாமியாரோடு பேசப் பிடிக்கவில்லையா, அதுவும் தைராய்டாக இருக்கும், பார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நேர் எதிர். சோர்ந்து படுத்த பெண்ணுக்கு ஊரே நோயின் பெயர் சொன்னது. கொழுப்பு என்றார்கள், சோம்பல் என்றார்கள், காத்து கருப்பு என்றார்கள். அன்றைக்கும் அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்பதில்லை. அவள் ரத்தத்தைத்தான் கேட்கிறார்கள்.

பனமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தைராய்டு கொஞ்சம் குறைவு, ஓயாத அழுகை. மாத்திரை கொடுத்தோம், ரத்தம் சரியானது, அழுகை மட்டும் நிற்கவில்லை. அவள் வீட்டுக்காரன் என்னிடமே வந்து சத்தம் போட்டான். "அதான் மாத்திர வாங்கிக் குடுக்கறேன்ல சிஸ்டர், இன்னும் இன்னாத்துக்கு அழுவுறா?" அவன் குடித்துவிட்டு வந்து கேட்ட கேள்வி அது. பதில் அவன் வாயிலேயே நாறியது. இதைக் கவிதா ஸ்டேட்டஸில் எந்த வரியில் போடுவாள்?

நான் படித்த நர்சிங் பள்ளியில் தைராய்டு என்றால் கழுத்து வீங்கிய ஒரு படம். மனநோய் என்றால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரம் போய் நின்றுவிட்டு வருவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை உண்டு என்று யாரும் சொல்லித் தரவில்லை. படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்லித் தந்தது எங்கள் டாக்டர். செஞ்சியில் சில கட்டில் மட்டும் போட்ட சின்னத் தனியார் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். இப்போது ஆஸ்பத்திரியும் இல்லை, அவரும் இல்லை. கோட்டை ஏறிக் கால் சுளுக்கிக்கொண்ட டூரிஸ்ட், கடலைக் கொல்லையில் பாம்பு கடித்தவர், பிரசவம், காய்ச்சல், எல்லாம் அவரிடம்தான் வரும். வாய் பொல்லாத மனிதர். நோயாளியைத் திட்டுவார், கூட வந்தவரைத் திட்டுவார், ஆள் கிடைக்காவிட்டால் என்னைத் திட்டுவார். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் வந்தாலும் முதலில் தொட மாட்டார். எதையாவது பேச விடுவார். நேற்று என்ன குழம்பு, பஸ் கூட்டமா, மழை பெய்ததா. அவர்கள் சொல்வதை அவர் கவனிக்கவில்லை என்றுதான் நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லும் குரலைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

சந்தேகம் வந்தால் மர நாற்காலியை இழுத்துப் போடச் சொல்வார். நோயாளி அதன் மேல் மண்டியிட்டு, முதுகுப் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதம் இரண்டும் நாற்காலிக்கு வெளியே தொங்கும். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு தட்டுவார். யாருக்குத் தட்டினாலும் பாதம் பின்னால் உதைக்கும், உடனே பழைய இடத்துக்கு வந்துவிடும். தைராய்டு நன்றாகக் குறைந்தவர்களுக்கு மட்டும் பாதம் போகும்போது ஒழுங்காகப் போகும். திரும்பி வரும்போது மனசில்லாமல், பிடித்து இறக்குவதுபோல் வரும்.

"பாத்தியா ஸ்டெல்லா? போறதுக்கு அவசரம். வர்றதுக்குச் சோம்பல். உம்புருசன் சம்பள நாள்ல வீட்டுக்கு வர்ற மாதிரி" என்பார். என் வீட்டுக்காரர் குடிக்காத மனிதர். இருந்தாலும் டாக்டர் அந்தப் பேச்சை நிறுத்த மாட்டார்.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உண்டு. மனசு சரியில்லை என்று வருபவளுக்கு முதலில் ரத்தம் பார், ரத்தம் சரியில்லை என்று வருபவளை முதலில் உட்கார வைத்துப் பேசு. கேட்க நன்றாக இருக்கும். காலைக் கூட்டத்தில் வாசல்வரை ஆள் நிற்கும்போது யாரை உட்கார வைப்பது, எங்கே உட்கார வைப்பது? அதை அவர் சொல்லவில்லை.

இனி பத்மாவதி. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மேல்சித்தாமூர்ப் பக்கம். சமணக் குடும்பம், நெல்லும் கடலையும் பயிர் வைக்கிறவர்கள். கோயிலில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று கூட்டி வந்தார்கள். கூட வந்தது அவள் புருஷன் அப்பாண்டைராஜும், புருஷனின் தங்கை சாந்தாவும். நல்ல சித்திரை வெயில். செஞ்சி வெயில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மலையெல்லாம் பாறை, ராத்திரி வரைக்கும் அனல் அடிக்கும். ஊரே வெந்துகொண்டிருந்தது. பத்மாவதி மட்டும் கம்பளிப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணிக்குக் காய்ச்சல் எல்லாம் இல்ல சிஸ்டர்" என்றாள் சாந்தா. பெருமையாகத்தான் சொன்னாள். "அவங்க இப்ப ஒரு வேளதான். ஒரே இருப்புல உக்காந்து சாப்டுவாங்க. எழுந்துட்டா அன்னைக்கி அவ்ளோதான், தண்ணிகூட கெடையாது. கோவம் போயிடுச்சி, ஆச போயிடுச்சி, பேச்சும் கொறைஞ்சிடுச்சி. எங்க ஜனங்க எல்லாம் வந்து கால்ல விழுந்துட்டுப் போறாங்க."

"நீங்க இன்னாங்க சொல்றீங்க?" என்று புருஷனைக் கேட்டேன்.

அந்த மனிதர் வேட்டி நுனியைத் திருகினார். "நான் இன்னா சொல்றது சிஸ்டர்? கடல வியாபாரி எங்கூட்டு வாசலுக்கு வரவே பயப்படுவான். இவ பேசுனா தெரு முனையில கேக்கும். இப்ப கூப்ட்டா திரும்பிப் பாக்கறதுக்கே நேரம் ஆவுது. நல்லதுன்றாங்க. நல்லதாத்தான் இருக்கும். எனக்குத்தான் வீட்டுல யாரும் இல்லாத மாதிரி இருக்குது."

"அண்ணா, இந்தப் பேச்சு வேணாம்" என்று சாந்தா அடக்கினாள்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. மழைக்காலத்துக்குப் பிறகு அவர்கள் ஊருக்கு ஒரு பெண் துறவி நடந்து வரப்போகிறார். அவர் முன்னால் பத்மாவதியை நிறுத்தி, வீட்டை விட்டுத் துறவுக்குப் போக அனுமதி கேட்பதாகப் பேச்சு. பத்மாவதியும் சரி என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

என்ன கேட்டாலும் அவள் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத்தான் நான் கவனித்தேன். ஊசி போடலாமா? சரி. படுக்கறியாம்மா? சரி. போர்வையை எடுக்கட்டுமா? சரி.

எனக்கு அவர்கள் மதத்தைப் பற்றிப் பேச வாய் கிடையாது. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். தவக்காலத்தில் எங்கள் வீட்டிலும் ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடு, உண்டு. எங்கள் ஊரில் யாரோடும் பேசாமல் ஜெபமாலையே கதி என்று கிடந்த ஒரு கிழவியைப் புனிதை என்று நாங்களும் சொன்னோம். அவளுக்கு யார் ரத்தம் பார்த்தார்கள்? அதனால் சாந்தாவின் மேல் எனக்குக் கோபம் வந்ததா, என் மேலேயே வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

டாக்டர் வந்தார். உட்கார்ந்தார். "நேத்து இன்னாம்மா கொழம்பு?"

நெடுநேரம் கழித்து, "பருப்பு" என்றாள். கிழவன் குரல்போல் கரகரத்தது.

"ஒரு வேளதான் சாப்புடுது. சரி. அப்ப மூஞ்சி ஏன் ஊதிப் போயிருக்குது? பட்டினி கெடக்கறவளுக்குக் கன்னம் ஒட்டணுமா, உப்பணுமா? யாராவது பாத்தீங்களா?" என்று வந்த இரண்டு பேரையும் திட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார்.

பத்மாவதி மண்டியிட்டாள். டாக்டர் தட்டினார். பாதம் போனது. அது திரும்பி வருவதற்குள் டாக்டர் சுத்தியை மேஜையில் வைத்துவிட்டார். அவ்வளவு மெதுவான காலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டாக்டர் அன்றைக்கு என் புருஷனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ரத்தம் பாண்டிச்சேரிக்குப் போய் வந்தது. தைராய்டு சுரப்பி வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. டாக்டர் விளக்கினார். இந்தச் சுரப்பி படுத்தால் உடம்பு மட்டும் மந்தமாகாது. நினைப்பு, பசி, ஆசை, அழுகை, சிரிப்பு எல்லாம் சேர்ந்து மந்தமாகும். பார்க்கிறவர்களுக்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும். சில பேருக்கு மனச்சோர்வே சேர்ந்தும் வரும்.

சாந்தா எழுந்து நின்றுவிட்டாள். "எங்க அண்ணியோட விரதத்த நோய்ன்றீங்களா டாக்டர்?"

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? நோயும் இருக்கலாம், விரதமும் இருக்கலாம். ரெண்டும் ஒட்டிக்கினு இருக்குது. நோய எடுத்துட்டுப் பாப்போம், மிச்சம் இன்னா இருக்குதுன்னு."

பத்மாவதி அதுவரை கேட்டுக்கொண்டிருந்தாளா என்றே தெரியவில்லை. திடீரென்று, "மாத்திரைல எந்த ஜீவனாவது சேந்திருக்குதா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளாகக் கேட்ட ஒரே கேள்வி. டாக்டர் கிண்டல் செய்வார் என்று பயந்தேன். செய்யவில்லை. முன்காலத்தில் ஆடுமாட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்தார்கள், இப்போது மருந்தை அப்படிச் செய்வதில்லை என்றார். மாத்திரையைக் கட்டியாக்கச் சேர்க்கும் தூள் என்ன என்று தனக்குத் தெரியாது என்பதையும் ஒப்புக்கொண்டார். மருந்துக் கடைக்காரர் மூலம் கம்பெனியைக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் எழுதிக் கொடுத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தோம். அப்படியே இருந்தது.

"மாத்திர போடல" என்றார் டாக்டர்.

"போடறேன்" என்றாள்.

அளவைக் கூட்டினார். அடுத்த முறையும் பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. டாக்டர் மேஜையைத் தட்டினார். "பொய் சொல்லாதம்மா. விரதம் இருக்கறவ பொய் சொல்லலாமா?"

போர்வைக்குள்ளிருந்து அவள் அவரைப் பார்த்தாள். கோபப்படவும் அவளுக்குத் தெம்பில்லை. அப்பாண்டைராஜுக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், எங்கூட்டுக்காரி உசுரே போனாலும் பொய் சொல்ல மாட்டா. தெனம் எங்கண்ணு முன்னாலதான் போடறா. சோத்துக்கு நடுவுல, மோர்ல போட்டு முழுங்கறா."

டாக்டர் அப்படியே நின்றார். "சோத்துக்கு நடுவுலயா? வெறும் வயித்துல, வெறும் தண்ணில போடச் சொன்னேனே!"

"ஒரே இருப்புதானே சார். அதுக்கு முன்ன தண்ணி குடிச்சா அன்னைக்கிக் கணக்கு அதோட முடிஞ்சிடுமே. அப்புறம் எப்படிச் சோறு துன்னுவா?"

இதை என்ன என்று சொல்வது? சோற்றோடும் மோரோடும் போனால் அந்த மாத்திரை பாதிக்கு மேல் உடம்பில் சேராது. மருந்து கொடுத்தது நாங்கள். ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டது அவள். பொய் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் தேய்ந்துகொண்டிருந்தாள். மழைக்காலமும் முடியப்போகிறது.

டாக்டர் விரதத்தை விடச் சொன்னார். அந்தப் பெண் துறவிக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். உடம்புக்கு முடியாதவள் முதலில் உடம்பைப் பார்க்கட்டும் என்றுதான் அவரும் சொல்லியிருக்கிறார். பத்மாவதி கேட்கவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன், விரதம் முடியும் நாள் வரை முறிக்க மாட்டேன் என்றாள். அவ்வளவு மந்தத்திலும் அது மட்டும் மந்தமாகவில்லை. அது நோயின் பிடிவாதமா, அவளுடைய பிடிவாதமா? எனக்கு அப்போதும் தெரியவில்லை.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "மணைல உக்காந்து மாத்திரையப் போட்டுக்கறேன். எழுந்திருக்க மாட்டேன். அப்படியே ஒரு மணி நேரம் உக்காந்துட்டு அப்புறம் சாப்டறேன். எழுந்தாத்தானே ரெண்டு இருப்பு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீ சொன்ன கடல வியாபாரி ஏன் பயந்தான்னு இப்பத் தெரியுதா?" என்றார்.

அதன்படியே நடந்தது. மணைப்பலகை, மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். எதிரில் மூடி வைத்த சோறு. ஒரு மணி நேரம் அவள் அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் மற்றவர்கள் ஓசைப்படாமல் நடப்பார்களாம்.

சில வாரம் கழித்து ஒரு நாள் அப்பாண்டைராஜ் மட்டும் வேர்க்க விறுவிறுக்க ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தார். ஏதோ ஆகிவிட்டது என்று நான் ஊசி ட்ரேயோடு எழுந்துவிட்டேன்.

"திட்டிட்டா சிஸ்டர்!"

"யாரு, யார?"

"பத்மாதான், என்னயத்தான் திட்டுனா! மணைல உக்காந்து இருந்தா. 'இன்னும் எவ்ளோ நேரம் இப்படியே குந்த வெப்பே, சோத்துல ஈ மொய்க்குது, உனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சி'ன்னு கத்துனா. தெரு முனையில இருந்து ஆள் வந்து எட்டிப் பாக்கறான்!" அந்த மனிதர் சிரித்தார், அழுதார், என் கையைப் பிடித்துக்கொண்டார். "பசிக்குதாம் சிஸ்டர் அவளுக்கு."

மறுமுறை வந்தபோது போர்வை இல்லை. டாக்டர் தட்டினார். பாதம் போனது, வந்தது. ரத்தப் பரிசோதனையும் சரியாகிக்கொண்டு வந்தது. சாந்தா மட்டும் மூலையில் இழவு வீட்டில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டதே. மழைக்காலம் முடிந்தது. பெண் துறவி வந்தார், அவர் பாட்டுக்குப் போனார். பத்மாவதியை யாரும் அவர் முன்னால் நிறுத்தவில்லை. விரத நாளும் நிறைவாக முடிந்தது.

இங்கேயே நிறுத்தினால் கவிதாவுக்கு நல்ல ஸ்டேட்டஸ் கிடைத்துவிடும். ஆனால் இங்கே நிற்கவில்லை.

ரத்தம் முழுக்கச் சரியான பிறகு பத்மாவதி அழ ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் அழுகை. காரணம் கேட்டால் தெரியவில்லை என்பாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாம்தான் சரியாயிடுச்சே, இன்னும் இன்னாம்மா?" என்று கத்திவிட்டேன்.

அவள் பதிலுக்குக் கத்தினாள். "உங்களுக்கு இன்னா சிஸ்டர்! ஊரே வந்து என் கால்ல வுழுந்துது. கழுத்துல இருக்கற ஒரு சுரப்பி தூங்குனதுக்கா வுழுந்தாங்க? அப்ப நான் எங்க இருந்தேன்? சில நாள் நெசமாவே லேசா இருந்துது சிஸ்டர். யார் மேலயும் பொறாம இல்ல, வெறுப்பு இல்ல. அதுவும் நோய்தானா? அதுல கொஞ்சம்கூட என்னுது இல்லயா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் சுத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மிச்சம் இன்னா இருக்குதுன்னு பாப்போம்னு சொன்னேனே. இதான் மிச்சம்" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை. விழுப்புரத்தில் இருக்கும் மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கொஞ்ச காலம் வேறு மாத்திரையும் சாப்பிட்டாள், பேசிவிட்டும் வந்தாள். அழுகை குறைந்தது. அது அந்த மாத்திரையாலா, பேச்சாலா, தைராய்டு மாத்திரை முழுதாகப் பிடித்ததாலா, காலம் போனதாலா? டாக்டரையே கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சா ஏன் இந்த ஊர்ல உக்காந்து உன்கிட்ட மாரடிக்கறேன்?" என்றார். அவர் எனக்குச் சொன்ன பதில்களிலேயே நேர்மையானது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இது எல்லாம் பழைய கதை. இதை இப்போது எழுத இன்னொரு காரணம் உண்டு. கவிதா போன் செய்த மறுநாள் என் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. பத்மாவதி இறங்கினாள். தலை நரைத்திருந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டாளாம். அப்பாண்டைராஜ் காலமாகி வருடம் திரும்பிவிட்டதாம்.

பையிலிருந்து ரத்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது.

"மறுபடியும் அந்த நெனப்பு வந்திருக்குது சிஸ்டர். வீட்ட விட்டுப் போவலாம்னு. மனசு லேசா இருக்குது. அப்ப இருந்த மாதிரியே. அதான் பயமா இருக்குது. நீங்க ஒரு தட்டு தட்டிப் பாருங்க."

வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. நான் ஒரு கையால் அதன் முதுகுப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் அதன் மேல் மண்டியிட்டாள். சுத்தி இல்லை. உள்ளங்கை ஓரத்தால் தட்டினேன். பாதம் போனது. உடனே வந்தது. சந்தேகத்துக்கு மறுபடி தட்டினேன். உடனே வந்தது.

"சரியாத்தான் இருக்குது" என்றேன். "விழுப்புரம் டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். நோய் மாதிரி தெரியலன்றாரு. வேற இன்னான்னு கேட்டேன். அது எங்க படிப்புல இல்லன்றாரு. நீங்க சொல்லுங்க சிஸ்டர். இந்தத் தடவ நான்தானா?"

அப்பாண்டைராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் அழுததும் கண்ணில் நின்றது. போகாதே என்று சொல்ல வாய் வந்தது. போ என்று சொல்லவும் வந்தது. காலைத் தட்டிப் பார்க்கத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "எங்க போனாலும் மாத்திரைய மட்டும் நிறுத்திடாத."

"நிறுத்த மாட்டேன். மணைல உக்காந்துதான் போடறேன், இன்னும்."

அவள் என் கையைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். நான் நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்தேன். ஆட்டோக்காரனைக் காணோம். டீ குடிக்கப் போய்விட்டான். பத்மாவதி நடுத்தெருவில் இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"யோவ்! நிக்கச் சொன்ன எடத்துல நிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா ஆட்டோ? வாய்யா இங்க!"

தெரு முனையில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.